மாதாவுக்கு விற்ற பிள்ளை

"தயவுசெய்து தொட வேண்டாம்" என்று சொல்வதுதான் எனக்குச் சம்பளம் தந்த வேலை. காலையில் ஈஸ்ட் ஹாமில் ரயிலேறி நகரத்தின் அடுத்த பக்கம் போய் இறங்குவேன். கறுப்புச் சட்டையும் கழுத்தில் ஒரு அடையாள அட்டையுமாக, பின்னேரம் வரைக்கும் ஒரே அறையில் நின்று அதையே சொல்லிக்கொண்டிருப்பேன். தொட வருபவர்களிடமும் சொல்ல வேண்டும், தொடுகிற எண்ணமே இல்லாதவர்களிடமும் சொல்ல வேண்டும்.

இடம் ஒரு பழைய அரண்மனை. யாரோ ஒரு பிரபு தன் பெருமைக்குக் கட்டியது. பரோக் பாணியாம். பரோக் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், ஒரு சாண் சுவரைக்கூடச் சும்மா விடாத பாணி என்பேன். கூரையெங்கும் சுண்ணாம்பில் செய்த கொழுத்த குழந்தைகள் செட்டையடித்துப் பறக்கும். தூண்கள் முறுக்குப் பிழிந்ததுபோலச் சுற்றிச் சுற்றி மேலே போகும். படிக்கட்டு நிற்கிற இடத்திலேயே எங்கள் பிளாட்டைப்போல நாலு கட்டலாம். பிரபுவின் வம்சம் நொடித்த பிறகு அதைச் சமயக் கலை மியூசியம் ஆக்கிவிட்டார்கள். எந்தெந்தக் கோயிலில், எந்தெந்தத் தேவாலயத்தில் எடுக்க முடிந்ததோ அங்கெல்லாம் எடுத்துவந்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்து அம்மன் ஒருத்தியும் கண்ணாடிக்குள்ளே பொட்டில்லாமல், பூவில்லாமல் நிற்கிறா. முதல் கிழமை அவவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது. சம்பளம் எல்லாவற்றையும் பழக்கிவிடும்.

என்னுடைய அறையில் இருந்தது ஒரு மாதா. மரத்தில் செதுக்கி நிறம் பூசிய, ஆள் உயரச் சொரூபம். ஐரோப்பாவின் ஏதோ ஒரு மலைக்கிராமத்துத் தேவாலயத்தில் இருந்தவ. இடது கை பிள்ளை தாங்குகிற மாதிரி மடங்கியிருக்கும். பிள்ளை இல்லை. சண்டையில் உடைந்ததோ, ஏற்றி இறக்கியதில் உடைந்ததோ, ஒருவருக்கும் தெரியாது. பக்கத்துப் பலகையில் "குழந்தை காணாமற்போய்விட்டது" என்று எழுதியிருந்தார்கள். குடை காணாமற்போனதுபோல அவ்வளவுதான் எழுத்து. ஆனால் மாதா இன்னும் அந்த வெறும் கையைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றா.

என் தங்கச்சிக்கு அந்த மாதாவைக் காட்டியது நான்தான். அவளும் புருசனும் தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிறார்கள். வயிற்றில் தங்குவதும் கலைவதுமாக வருசங்கள் போய்க்கொண்டிருந்த காலம். ஒருநாள் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு நேரே என் அறைக்கு வந்தாள். இந்த முறையும் நிச்சயம் சொல்ல முடியாது என்றார்களாம். முகம் வீங்கியிருந்தது. மாதாவைக் கண்டவுடன் சப்பாத்தைக் கழற்றிவிட்டாள். அந்தக் குளிர்ந்த சலவைக்கல்லில், காலில் வெறும் மேஸ் உறையோடு நின்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எடி, விசரி, சப்பாத்தைப் போடு. கமெராவிலை பாக்கிறாங்கள்" என்றேன்.

"அக்கா, இவவின்ர கையைப் பார். எனக்கு நடக்கிறது இவவுக்குத் தெரியும்."

"நாங்கள் சைவமடி."

"மாதாவும் அம்மன்தானே. இந்தப் பிள்ளை தங்கினா, இவவுக்கு வித்து வாங்குவன்."

அது சும்மா சொல்லிவிட்டுப் போகிற நேர்த்திக்கடன் இல்லை. பிழைக்குமோ பிழைக்காதோ என்றிருக்கிற பிள்ளையைக் கடவுளுக்கு விற்கிற வழக்கம் எங்களுக்கு உண்டு. சந்நிதியில் பிள்ளையைக் கிடத்தி, "இனி இது உன்ர பிள்ளை" என்று சொல்லிக் கையை எடுத்துவிட வேண்டும். பிறகு ஒரு பிடி அரிசியை விலையாகக் கொடுத்துக் கோயில் ஆளின் கையால் திரும்ப வாங்க வேண்டும். அதற்குப் பிறகு நாங்கள் வளர்ப்பது கடவுளின் பிள்ளையை. நோய்நொடி கிட்ட வரப் பயப்படும். ஆனால் ஒன்று. விற்காமல் விட்டாலும் விடலாம், விற்றுவிட்டு வாங்காமல் வரக்கூடாது. வாங்காத பிள்ளை எங்களுடையது இல்லை. கோயிலில் செய்கிற காரியத்தைப் போயும்போயும் மியூசியத்துச் சிலைக்கு நேர்ந்து வைத்தாளே என்று அன்றைக்கு அவளைத் திட்டித்தான் அனுப்பினேன்.

பிள்ளை தங்கியது. காலத்துக்கு முந்திப் பிறந்து, ஒரு உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி, கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்து, பிறகு மெல்ல மெல்லத் தேறி வீட்டுக்கு வந்தாள். பெட்டை. தங்கச்சி வீட்டில் எல்லோரும் சிரித்தோம், அழுதோம், கேசரி கிண்டினோம். பிறகு அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, நேர்த்தி."

நான் முறைப்படி கேட்டேன். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவேன், முறைப்படிதான் கேட்டேன். மனேஜரிடம் போய், காலையில் வாசல் திறக்க முன்னம் கொஞ்ச நேரம் தாருங்கள், பிள்ளையைப் பீடத்தில் கிடத்தி எடுத்துவிட்டுப் போய்விடுவோம், சொரூபத்தில் விரல்கூடப் படாது என்றேன். வழக்கத்தையும் விளக்கினேன். மனேஜர் பஞ்சு மாதிரிக் குரல் உள்ள மனுசன். கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். கண்கூடக் கலங்கியது.

"எவ்வளவு அழகான கதை! உங்கள் தங்கை இதை ஒலிப்பதிவுக்குச் சொல்லுவாவா? சிலைக்குப் பக்கத்தில் வைத்தால் வருகிறவர்கள் காதில் மாட்டிக் கேட்கலாம்."

"சொல்லுவா. பிள்ளையை எப்ப கொண்டுவரலாம்?"

"ஆ... அது முடியாதே."

பிள்ளையின் மூச்சில் ஈரம் இருக்கிறதாம். தோலில் எண்ணெய் இருக்கிறதாம். நிறம் பழையதாம், உரிந்துவிடுமாம். இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளாதாம். அலாரத்தை நிறுத்த மேலிடத்தில் அனுமதி வேண்டுமாம். எங்களுடைய கதை வேண்டும், எங்களுடைய குரல் வேண்டும், பிள்ளை மட்டும் வேண்டாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். எங்கள் ஊர்ப் பூசாரியாவது மூஞ்சியை நீட்டி மாட்டேன் என்பான், இந்தப் பூசாரி கண்கலங்கிக்கொண்டு மாட்டேன் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் அங்கே ஒரு விருந்து. அந்த அரண்மனையைப் பணக்காரர்கள் விருந்துக்கு வாடகைக்கு எடுப்பார்கள். முறுக்குத் தூண்களுக்கு நடுவில் நின்று குடித்தால் வெறி கூடுதலாக ஏறும் போலிருக்கிறது. அடுத்த நாள் காலையில் நான் வேலைக்குப் போனபோது தரை சப்பாத்தில் ஒட்டியது. பீடத்தின் விளிம்பில் ஒரு இறால் வால். நிமிர்ந்து பார்த்தேன். மாதாவின் வெறும் கைக்குள் ஒரு ஷாம்பெயின் கிளாஸ். விளிம்பில் உதட்டுச் சாயம், அடியில் ஒரு மிடறு மிச்சம். யாரோ படம் எடுப்பதற்குப் பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் அதை வைத்துவிட்டு, எடுக்க மறந்து போயிருக்கிறார்கள். பிள்ளை இருந்த இடத்திலே! உச்சி முதல் உள்ளங்கால் வரை எனக்குப் பற்றி எரிந்தது.

கிளாஸை ரிஷ்யூக் கடதாசியால் பிடித்து எடுத்துக்கொண்டு மனேஜரின் அறைக்குப் போய் மேசையில் வைத்தேன். எங்கே இருந்தது என்று சொன்னேன்.

"அடடா" என்றார். "விருந்துக்குச் சாப்பாடு கொடுத்த கம்பனியிடம் கதைக்கிறேன்."

"இன்சூரன்ஸ்?"

"அது வேறு விசயம். விருந்துக்கு அலாரத்தை நிறுத்தித்தான் வைப்போம். எப்போதும் கவனமாகத்தான் செய்கிறோம்."

"ஒரு பச்சைப் பிள்ளையின்ர மூச்சுப் பட்டால் உரியிற நிறம், சாராயம் சிந்தினால் உரியாதோ?" ஆங்கிலத்தில்தான் கேட்டேன், ஆனால் என் குரல் யாழ்ப்பாணத்தில் இருந்தது. அவர் கதவைப் பார்த்தார். நான் வெளியே வந்து தங்கச்சிக்கு போன் எடுத்தேன்.

"நாளைக்கே பிள்ளையைக் கொண்டு வா. அரிசியையும் முடிஞ்சு கொண்டு வா."

வந்தார்கள், மற்றவர்களைப்போல வாசலால், வாசல் திறந்தவுடனே. தங்கச்சி சேலை உடுத்தி அதற்கு மேலே குளிர்கோட்டு. அவள் புருசனுக்கு வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது. அவன் பிள்ளையின் பையைத் தூக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி பின்னாலே வந்தான். அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. கோயில் ஆளின் இடத்தில் நிற்பதற்கு யார் என்று தங்கச்சி முதல் நாளே கேட்டிருந்தாள். "நான்தான். நாள் முழுக்க அவவுக்குப் பக்கத்திலை நிக்கிறது வேற ஆர்?" என்றிருந்தேன். பீடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த தடுப்புக் கயிற்றை நானே கழற்றினேன். தங்கச்சி சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பிள்ளையை மாதாவின் காலடியில் கிடத்தினாள்.

"அம்மா, இனி இது உன்ர பிள்ளை" என்றாள். கையை எடுத்தாள்.

அலாரம் அடித்தது. அப்படி ஒரு அலறலை நான் கேட்டதில்லை. கல்லும் சுண்ணாம்புமான அந்த அறையில் அது சுற்றிச் சுற்றி அடித்தது. பிள்ளை வீரிட்டது. மனேஜர் ஓடி வந்தார், பின்னால் வாசல் காவலாளிகள். தங்கச்சி அரிசி முடிச்சை எடுக்கக் கோட்டுப் பைக்குள் கையை விடுகிறாள், அதற்குள் ஒருத்தன் அவளுக்கும் பீடத்துக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டான். "பிள்ளையை எடுங்கள்! பிள்ளையை எடுங்கள்!" என்று மனேஜர் கத்துகிறார். பயந்துபோய் அவள் புருசன் பிள்ளையைத் தூக்கிவிட்டான். என் கையால் இல்லை, அரிசி கொடுத்து இல்லை, சும்மா தூக்கிவிட்டான். அப்படியே மூன்று பேரையும் படியிறக்கித் தெருவில் விட்டார்கள். முடிச்சு அவள் பையிலிருந்து விழுந்து தரையில் கிடந்தது. நான் குனிந்து எடுத்தேன். விற்றாயிற்று, வாங்கவில்லை.

அன்று பின்னேரமே என்னை அறைக்காவலிலிருந்து எடுத்துக் கீழே கோட்டு வாங்கி வைக்கிற இடத்தில் போட்டார்கள். தங்கச்சி இனி அந்தக் கட்டடத்துக்குள் வரக்கூடாது என்றார்கள். அதையெல்லாம் தாங்கலாம். தாங்க முடியாதது தோர்ண்டன் ஹீத்தில் நடந்தது.

"அக்கா, பிள்ளை என்னைப் பாத்துச் சிரிக்குது" என்றாள் போனில். "எனக்குத் திருப்பிச் சிரிக்கப் பயமாக் கிடக்கு. ஆரின்ரையோ பிள்ளையைக் களவெடுத்து வச்சிருக்கிற மாதிரி."

"விசர்க்கதை கதையாதை. அவ மாதா. தருவா."

"அவ பிள்ளையைத் துலைச்சவ அக்கா. கையிலை வந்ததைத் திருப்பித் தருவாவே? நானெண்டால் தரமாட்டன்."

இரண்டு நாள் கழித்து அவள் புருசன் எடுத்தான். அவனாக எனக்கு போன் எடுத்ததே அதுதான் முதல் தடவை.

"மச்சாள், எனக்கு உதுகளிலை நம்பிக்கையில்லை. ஆனா இவள் பிள்ளையைத் தூக்கிறாளில்லை. பாலைக் குடுக்கிறாள், கிடத்துறாள், தள்ளிப்போய் இருக்கிறாள். பிள்ளைக்குத் தடிமன் வந்து மூக்கு ஒழுகினா, மாதா கூப்பிடுறா எண்டு அழுறாள். எனக்கு என்ன செய்யிறதெண்டே தெரியேல்லை."

மீண்டும் மனேஜரிடம் போனேன். இந்த முறை கெஞ்சினேன், அதை நினைக்கத்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஒரு பிடி அரிசி, ஒரு நிமிசம், அவ்வளவுதான் என்றேன். அவர் அதே பஞ்சுக் குரலில் சொன்னார். சிலை வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போகிறதாம். அங்கிருந்து இன்னொரு நாடு, பிறகு இன்னொன்று. அடுத்த கிழமை பெட்டியில் அடைக்கிறார்களாம்.

"திரும்பி வந்ததும் நிச்சயமாக இதைப் பற்றிப் பேசலாம்."

"அப்ப பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும்."

"உங்கள் உணர்வு எனக்கு நன்றாக விளங்குகிறது" என்றார். சீ! விளங்கினால் மனுசன் அப்படியே இருப்பானா?

கோட்டு அறையில் நின்றபடி யோசிக்க எனக்கு நிறைய நேரம் கிடைத்தது. ஆட்கள் கோட்டைத் தருவார்கள், நான் ஒரு இலக்கத் தகடு கொடுப்பேன். போகும்போது தகட்டைத் தருவார்கள், நான் கோட்டைக் கொடுப்பேன். எனக்கு மேலே மூன்று மாடி முழுக்க எடுத்து வந்த சாமான்கள். அம்மன், பலிபீடம், புனிதர்களின் எலும்புப் பேழை, மாதா. ஒன்றுக்கும் தகடு இல்லை. அவ்வளவு பெரிய அரண்மனையில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற ஒரே இடம் நான் நின்ற அந்தப் பொந்துதான். தண்டனையாம் எனக்கு!

பெட்டி அடைக்கிற நாள் காலையில் தங்கச்சியை வரச் சொன்னேன். உள்ளே வர அவளுக்குத்தானே தடை, பிள்ளைக்கு இல்லையே. தேத்தண்ணி இடைவேளையில் நான் வாசலுக்குப் போனேன். மழை தூறியது. வீதியில் புருசன் குடையைப் பிடிக்க, அவள் பிள்ளையை ஒரு பொதியைப்போல உடம்பில் படாமல் ஏந்திக்கொண்டு நின்றாள்.

"தா இஞ்ச" என்றேன்.

"எங்கை கொண்டு போறாய்?"

"கேட்டு வாங்கிக்கொண்டு வாறன். நில்லு இதிலையே."

அந்தப் பெரிய படிக்கட்டில் பிள்ளையோடு ஏறினேன். கறுப்புச் சட்டை, கழுத்தில் அட்டை. ஒருத்தரும் மறிக்கவில்லை. ஊழியக்காரி கையில் எது இருந்தாலும் அது வேலைக்கான சாமான் என்றுதான் நினைப்பார்கள். அறை வாசலில் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைத் தாண்டினேன். மாதாவை ஒரு மரப்பெட்டிக்குள், வெள்ளைப் பஞ்சணையில் மல்லாக்கக் கிடத்தியிருந்தார்கள். மடங்கிய கை மட்டும் கூரையைப் பார்த்து நின்றது. நீலக் கையுறை போட்ட ஒரு பெண், சிலைகளைப் பராமரிக்கிறவ, பக்கத்தில் நின்று திகைத்துப் பார்த்தா. பிள்ளை கண் விழித்துக் கத்தத் தொடங்கினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் பூனைக்குட்டிபோல முனகினவள், அன்றைக்கு அரண்மனை அதிரக் கத்தினாள். "நல்லாக் கத்து" என்றேன்.

ஒரு கையில் பிள்ளை. அன்றைக்கு எடுத்து வைத்த அரிசி முடிச்சை மறு கையாலும் பல்லாலும் அவிழ்த்தேன். அரிசி முழுவதையும் மாதாவின் கைக்குள் கொட்டினேன்.

"அம்மா, இந்தா உன்ர அரிசி. எங்கட பிள்ளையை எங்களிட்டைத் தா. உன்ர பிள்ளையை நாங்கள் எடுக்கேல்லை. எடுத்தவையிட்டைக் கேள்."

உரக்கத்தான் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது என் கண்ணால் தண்ணீர் ஓடியது. கோபத்தில் வந்த தண்ணீர்தான் அது. அந்த முகத்தைப் பார்த்தேன். குனிந்து வெறும் கையைப் பார்த்த கண், மல்லாக்கக் கிடந்தபோது அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மனேஜர் வந்துவிட்டார். "அரிசியா? தானியமா? பூச்சி வருமே!" அவருடைய பஞ்சுக் குரலெல்லாம் பறந்து போயிருந்தது. கையுறைப் பெண் மெதுவாகச் சொன்னா, இனி இன்றைக்குப் பெட்டியை மூட முடியாது, எல்லாவற்றையும் வெளியே எடுத்து மணிமணியாகப் பொறுக்க வேண்டும், பூச்சிக்குச் சோதிக்க வேண்டும், பயணம் தள்ளித்தான் போகும் என்று. மனேஜர் சிவந்துவிட்டார்.

"நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்று தெரிகிறதா?"

"தெரியும். வாங்கிட்டன்" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு விளங்க வேண்டிய அவசியம் எனக்கு அப்போது இருக்கவில்லை.

இறங்கி வெளியே வந்தேன். தங்கச்சி குடைக்கு வெளியே வந்து நின்றாள். தலையெல்லாம் மழை. கையை நீட்டவில்லை.

"தந்தாவோ?"

"அரிசியை வாங்கிட்டா. இந்தா, பிடி."

கோயில் ஆள் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினேன். அவள் வாங்கினாள். வாங்கி நெஞ்சோடு இறுக்கி, பிள்ளையின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்து, "என்ர பிள்ளை, என்ர பிள்ளை" என்று அந்த நடைபாதையில் குந்திவிட்டாள். போகிறவர்கள் விலகிப் போனார்கள். புருசன் குடையை அவர்களுக்கு மேலே பிடித்தபடி அழுதான்.

நான் திரும்பக் கோட்டு அறைக்குப் போனேன். ஒரு சுற்றுலாக் கூட்டம் பார்த்து முடித்து வரிசையில் நின்றது. மனேஜர் அங்கே எனக்காகக் காத்திருந்தார். அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உடனே வெளியேறச் சொன்னார்.

"இவையின்ர கோட்டுகளைக் குடுத்திட்டுத்தான் போவன்" என்று அவருக்கு விளங்குகிற மொழியில் சொன்னேன். ஒவ்வொரு தகடாக வாங்கி, ஒவ்வொரு கோட்டாக எடுத்து, உரியவர் கையில் கொடுத்தேன். அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் கோட்டும் போனது. பின்னால் கொக்கிகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"என்னிடம் தந்ததையெல்லாம் நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்றேன். பிறகு மேல்மாடிகளைக் கையால் காட்டினேன். "இனி நீங்கள் தொடங்குங்கோ."